மேக்னம் தோட்டா: தொலைதூர வேட்டை ரைஃபிளுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

முதலில் சட்டம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் வேட்டை குற்றம். ஜவ்வாது மலையிலோ பேரணாம்பட்டுக் காட்டோரத்திலோ இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. வேலூர், குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர் என்று பழைய வடாற்காட்டு ஊர்களிலிருந்து போய் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, தென்னாப்பிரிக்காவில் குடியேறி, அங்கே முறையாக உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்காக எழுதியது இது.

கடையில் பெட்டியோடு வாங்கும் ரைஃபிளில் நீங்கள் முடிவு செய்ய அதிகம் இல்லை. சொல்லிச் செய்யும் ரைஃபிளில் குழல், ஆக்‌ஷன், கட்டை, ட்ரிகர், மேகசின் எல்லாம் உங்கள் பொறுப்பு. ஆக்‌ஷன் என்பது தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் பகுதி; அதில் முன்னும் பின்னும் நகரும் தண்டுதான் போல்ட். இவற்றில் தோட்டாதான் முதலில் முடிவாக வேண்டும். குழலின் பின்முனையில் அறை வெட்டுவது அந்த ஒரு தோட்டாவின் அளவுக்குத்தான். ஆக்‌ஷனின் நீளம், போல்ட் முகத்தின் அகலம், மேகசினின் உள்நீளம், குழலின் முறுக்கு எல்லாம் அதன் பின்னால் வரும். அறை வெட்டிய பிறகு மனசு மாறினால் புதுக் குழலுக்குப் பணம் கட்ட வேண்டியதுதான்.

எந்த மிருகம், எவ்வளவு தூரம்

வெளிநாட்டில் நம்மவர்கள் வேட்டையாடும் விலங்குகளில் சில நம் நாட்டவை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மலைகளில் இருக்கும் கடமான் 1860களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. குயின்ஸ்லாந்தின் புள்ளிமான் 1886இல் விடப்பட்டது. நியூசிலாந்தின் தெற்கு ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் இமாலய வரையாடு 1904இல் போய்ச் சேர்ந்தது. அங்கே இவை வெளியிலிருந்து வந்த விலங்குகள், காட்டைத் தின்று அழிப்பவை என்பதால்தான் வேட்டைக்கு அனுமதி.

லீவில் ஊருக்கு வரும்போது அமிர்தி உயிரியல் பூங்காவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். புள்ளிமான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். அந்தக் காலை ஒட்டி மேலே போனால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் இதயமும் நுரையீரலும் இருக்கின்றன. குண்டு பட வேண்டிய இடம் ஒரு டிபன் தட்டு அளவு, சுமார் 20 செ.மீ. கடமானுக்கு அது சாப்பாட்டுத் தட்டு அளவு, சுமார் 30 செ.மீ. இந்த இரண்டு தட்டுகளையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாக் கணக்கும் இந்தத் தட்டுக்குள் குண்டு விழுமா என்பதைப் பற்றியது. வெளியே விழுந்தால் குடல் கிழிந்த மான் பள்ளத்தாக்கில் இறங்கி இரண்டு நாள் கிடந்து சாகும். அப்படி ஒன்று நடக்காமல் இருக்கத்தான் இவ்வளவு பாடும்.

புள்ளிமானுக்கு மேக்னம் தேவையே இல்லை. 300 மீட்டருக்குள் .308 வின்செஸ்டரோ 6.5 கிரீட்மோரோ போன்ற சாதாரணத் தோட்டாவே தாராளம். கடமான், செம்மான், வரையாடு போன்ற பெரிய உடம்பு, 300 மீட்டரைத் தாண்டிய தூரம், மலைக்காற்று என்று இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தால்தான் மேக்னத்தை யோசியுங்கள். கூடவே, வேட்டையாடும் மாநிலம் எதுவோ அதன் விதியைப் படியுங்கள். பெரிய மானுக்கு இவ்வளவு விட்டமாவது, இவ்வளவு குண்டு எடையாவது வேண்டும் என்று பல இடங்களில் கீழ்வரம்பு உண்டு. சுவீடனில் பெரிய விலங்குக்கு 9 கிராம் குண்டு என்றால் 100 மீட்டரில் 2700 ஜூல் இருக்க வேண்டும். 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 2000 ஜூல் போதும். 6.5 மி.மீ. குழல் வாங்கும் யோசனை இருப்பவர்கள் இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

மேக்னம் என்றால் என்ன

நாட்டுத் துப்பாக்கிக் காலத்திலிருந்தே நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை: மருந்து கூட இடித்தால் தூரம் கூடும். மேக்னம் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு அந்த நினைப்புதான் வருகிறது. மேக்னம் என்பதற்கு இவ்வளவு கிராம் மருந்து என்று எந்த வரையறையும் கிடையாது. அதே விட்டமுள்ள சாதாரணத் தோட்டாவைவிடப் பெரிய உறை, அதிக மருந்து, அதிக வேகம் என்பதற்குத் தயாரிப்பாளர் வைத்த பெயர், அவ்வளவே. ஹார்னடி நிறுவனத்தின் பி.ஆர்.சி. (பிரிசிஷன் ரைஃபிள் கார்ட்ரிட்ஜ்) வகைத் தோட்டாக்களின் பெயரில் மேக்னம் என்ற சொல்லே இல்லை. ஆனால் வேலை மேக்னம் வேலைதான்.

கூடுதல் மருந்துக்கு விலை உண்டு. தோளில் உதை ஏறும். அறைக்கு முன்னால், குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தை, அதாவது குழலின் தொண்டையை, வெப்பம் அரித்துவிடும். வேகமான மேக்னம் குழல்கள் 1000 முதல் 1500 சுடுதலுக்குள் துல்லியம் இழக்கத் தொடங்கும்; .308 குழல் அதைப் போலப் பல மடங்கு உழைக்கும். எனவே மருந்தைக் கூட்டி வேகம் வாங்குவதைவிட நல்ல குண்டை வாங்குவது லாபம்.

குண்டிலிருந்து தொடங்குங்கள்

தோட்டாவின் பெயரை மறந்துவிட்டு, மானைத் தொடப்போகும் குண்டை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்கள் முக்கியம்.

ஒன்று, காற்றைக் கிழித்துப் போகும் திறன். பெட்டியில் பி.சி. என்று போட்டிருக்கும். எண் கூடினால் வேகம் மெதுவாகக் குறையும், காற்று குறைவாகத் தள்ளும். ஒரு கணக்கு: 7 பி.ஆர்.சி. தோட்டாவில் ஹார்னடியின் 175 கிரெய்ன் இ.எல்.டி.-எக்ஸ் குண்டு. கிரெய்ன் என்பது 0.0648 கிராம், ஆக 11.3 கிராம். பி.சி. 0.689. குழல் வாயில் நொடிக்கு 3000 அடி, அதாவது 914 மீட்டர் வேகம். மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்றில் 400 மீட்டரில் இது சுமார் 22 செ.மீ. விலகும். கிட்டத்தட்ட இதே வேகத்தில் கிளம்பும் .300 வின்செஸ்டர் மேக்னத்தில் பி.சி. 0.48 உள்ள பழைய வடிவக் குண்டைப் போட்டால் அதே காற்றில் 30 செ.மீ.க்கு மேல் விலகும். .300இல் மருந்து குறையவில்லை. குண்டின் வடிவம்தான் 10 செ.மீ.யைத் தின்றது. டிபன் தட்டில் 10 செ.மீ. என்பது நடுவிலிருந்து விளிம்பு வரை.

இரண்டாவது, குண்டு விரிவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகம். வேட்டைக் குண்டு மானுக்குள் போனதும் காளான் போல விரிய வேண்டும். வேகம் போதாவிட்டால் ஊசி போலத் துளைத்து வெளியேறிவிடும். ஈய உள்ளகம் கொண்ட குண்டுகளுக்குப் பொதுவாக நொடிக்கு 550 மீட்டர் (1800 அடி), முழுத் தாமிரக் குண்டுகளுக்கு 600 மீட்டர் (2000 அடி) என்று வைத்துக்கொள்வது நல்லது. தயாரிப்பாளர் வேறு எண் சொன்னால் அதுவே கணக்கு. நீங்கள் தேர்ந்தெடுத்த குண்டு அந்த வேகத்துக்கு எத்தனை மீட்டரில் இறங்குகிறது என்று, குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் செயலியில் பாருங்கள். மேலே சொன்ன 175 கிரெய்ன் குண்டு கடல்மட்டக் காற்றில் 550க்கு இறங்க 850 மீட்டருக்கு மேல் ஆகிறது.

அதனால் 850 மீட்டரில் சுடலாம் என்று அர்த்தமில்லை. அதே குண்டு 400 மீட்டர் போக ஏறக்குறைய அரை நொடி எடுக்கிறது. விசையை அழுத்திய பிறகு மான் மெதுவாக ஓர் அடி எடுத்து வைத்தாலே அரை மீட்டர் நகர்ந்துவிடும். நெஞ்சுக்குக் குறிவைத்தது வயிற்றில் படும். 600 மீட்டரில் முக்கால் நொடி ஆகிறது. அந்தத் தூரத்தில் காற்றை மணிக்கு 8 கி.மீ. தப்பாகக் கணித்தால் குண்டு 25 செ.மீ. தள்ளி விழும், கடமானின் பெரிய தட்டைக்கூடத் தாண்டிவிடும். மணிக்கு 8 கி.மீ. என்பது இலை லேசாக அசையும் காற்று. பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில் அதைக் கண்ணால் கணிப்பது பல வருடம் பழகியவருக்கே கஷ்டம். பெரும்பாலானவர்களுக்கு நியாயமான எல்லை 400 மீட்டர். ரைஃபிள் எவ்வளவு விலையானாலும் அது மாறாது.

எந்தத் தோட்டா

இன்று புதிதாகச் செய்யும் ரைஃபிளுக்கு யோசிக்க வேண்டியவை ஐந்து. அவற்றில் இரண்டு பழையவை.

.300 வின்செஸ்டர் மேக்னம் 1963இல் வந்தது, 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் 1962இல். இரண்டும் 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னத்தின் வாரிசுகள். அந்த முன்னோரின் அடையாளம் உறையின் அடியில் ஓடும் தடித்த பட்டை. .375 உறையின் தோள், அதாவது உறை கழுத்தாகக் குறுகும் இடம், மிகவும் சரிவானது. தோட்டா அறைக்குள் எவ்வளவு ஆழம் போய் நிற்க வேண்டும் என்பதை அந்தச் சரிவுத் தோளால் சரியாகப் பிடிக்க முடியாது. அந்த வேலைக்குப் பட்டை வைத்தார்கள். பின்னால் வந்த .300க்கும் 7 மி.மீ.க்கும் நல்ல தோள் இருந்தும் பட்டை ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

இதனால் ஒரு கோளாறு உண்டு. பட்டை பிடித்துக்கொள்வதால் தோளுக்கும் அறைக்கும் இடையில் இடைவெளி கூட இருந்தாலும் தோட்டா வெடிக்கும். வெடித்ததும் உறை அந்த இடைவெளிக்கு முன்னால் நீளும், பட்டைக்கு மேலே சுவர் மெலியும். காலி உறைகளில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றிப் பயன்படுத்துகிறவர்கள் ஒவ்வொரு தரமும் தோளைப் பழைய அளவுக்கு அழுத்தித் தள்ளினால், நான்கைந்து தரத்தில் உறை இரண்டாகப் பிளந்துவிடும். கண்டுபிடிப்பது எளிது. காலி உறையைச் சூரிய வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். பட்டைக்கு மேலே சுமார் அரை செ.மீ.யில் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் சந்தேகம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கி போல வளைத்து, உறையின் வாய் வழியாக உள்ளே விட்டு அடியிலிருந்து மெதுவாக மேலே இழுங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கினால் உள்ளே சுவர் மெலிந்துவிட்டது. அந்த உறையை அங்கேயே நசுக்கிப் போடுங்கள். அதே கூட்டத்தைச் சேர்ந்த மற்ற உறைகளையும் இப்படியே சோதியுங்கள். கடைத் தோட்டாவையே ஒருமுறை சுட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மற்ற மூன்றும் பி.ஆர்.சி. குடும்பம். 6.5 பி.ஆர்.சி.யும் .300 பி.ஆர்.சி.யும் 2018இல், 7 பி.ஆர்.சி. 2022இல் வந்தவை. பட்டை கிடையாது, தோளே பிடித்துக்கொள்ளும். நீண்ட, கூர்மையான குண்டுகளுக்கென்றே தொண்டையும் முறுக்கும் அளவெடுத்து வகுத்தவை. பழைய .300 வின்செஸ்டரில் உறையின் கழுத்து குட்டை. நீண்ட குண்டைப் போட்டால் அதன் அடிப்பாகம் உறைக்குள் இறங்கி மருந்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பி.ஆர்.சி.யில் அந்த இடநெருக்கடி இல்லை.

உதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்கோப்போடு 4 கிலோ எடையுள்ள ரைஃபிள், குழல் முனையில் மாட்டி உதையைக் குறைக்கும் பிரேக் எதுவும் இல்லாமல் என்றால், 6.5 பி.ஆர்.சி. (143 கிரெய்ன், நொடிக்கு 2960 அடி) கணக்குப்படி சுமார் 25 ஜூல் உதைக்கும். 7 பி.ஆர்.சி. சுமார் 38. .300 பி.ஆர்.சி. (212 கிரெய்ன், 2860 அடி) சுமார் 48. இதே மூன்றும் 400 மீட்டரில் மானுக்குக் கொண்டுபோகும் ஆற்றல் ஏறக்குறைய 2400, 3100, 3400 ஜூல். 7இலிருந்து .300க்கு மாறினால் மானிடம் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, தோளில் நான்கில் ஒரு பங்கு கூடுகிறது. இந்த ஒரு கணக்கே எங்கள் முடிவுக்குப் போதும்: கடமானும் செம்மானும் குறி என்றால், புதிதாகச் செய்யும் ரைஃபிளுக்கு 7 பி.ஆர்.சி.

விதிவிலக்கு உண்டு. நீங்கள் இருப்பது சின்ன ஊர், துப்பாக்கிக் கடை ஒன்றுதான் என்றால் அந்தக் கடை அலமாரியைப் போய்ப் பாருங்கள். .300 வின்செஸ்டர் அறுபது வருடப் பழக்கம். எந்த மூலையிலும் கிடைக்கும். கடையில் இல்லாத அருமையான தோட்டாவைவிட, இருக்கிற சுமாரான தோட்டா மேல். வரையாட்டுக்காக நாள் முழுக்க மலையேறப் போகிறவர், உதை தாங்காத மெலிந்த உடம்புக்காரர், விதி அனுமதித்தால் 6.5 பி.ஆர்.சி. எடுக்கலாம். .28 நோஸ்லர், .300 ரெமிங்டன் அல்ட்ரா மேக் இரண்டும் குழலை வேகமாகத் தின்பவை. .338 லபுவா மேக்னம் தூர நின்று சுடும் ராணுவத்தினருக்காகப் பிறந்தது. அதன் உறையின் அடிவிட்டமே 0.588 அங்குலம் என்பதால் தனி ஆக்‌ஷன் தேவைப்படும், ரைஃபிளும் கனமாகிவிடும். மான் வேட்டைக்கு வேண்டாம்.

ஆக்‌ஷன், மேகசின், முறுக்கு

மேலே சொன்ன ஐந்துக்கும் போல்ட் முகம் 0.532 அங்குலம், அதாவது மேக்னம் போல்ட். .308க்கோ .30-06க்கோ உள்ள 0.473 முகம் பொருந்தாது. பழைய ஆக்‌ஷனை மலிவாகக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள்.

அடுத்து நீளம். தோட்டாவின் மொத்த நீளம் 6.5 பி.ஆர்.சி.க்கு 2.955 அங்குலம், 7 பி.ஆர்.சி.க்கும் .300 வின்செஸ்டருக்கும் 3.340, .300 பி.ஆர்.சி.க்கு 3.700. 7 பி.ஆர்.சி. சாதாரண நீள ஆக்‌ஷனில் அடங்கிவிடும். .300 பி.ஆர்.சி.க்கு மேகசின் உள்நீளமும் பெரிதாக வேண்டும், ஆக்‌ஷன் மேக்னம் நீளம் வேண்டும். 6.5 பி.ஆர்.சி.யைக் குட்டை ஆக்‌ஷனில் போடுவார்கள். ஆனால் உள்நீளம் 2.85 அங்குலம் உள்ள மேகசினில் கடைத் தோட்டா நுழையாது. குறைந்தது 3 அங்குலம் உள்ள மேகசினைக் கேட்டு வாங்குங்கள்.

முறுக்கு என்பது குழலுக்குள் வரிப்பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது என்பது. குண்டு நீளமாக ஆக முறுக்கு நெருக்கமாக வேண்டும். பழைய 7 மி.மீ. ரெமிங்டன் குழல்கள் பல 9.5 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அவற்றில் 175, 180 கிரெய்ன் நீளக் குண்டு தள்ளாடும். 7 பி.ஆர்.சி.க்கு 8 அங்குலம், .300 பி.ஆர்.சி.க்கு 8.5 அங்குலம், 6.5 பி.ஆர்.சி.க்கு 8 அங்குலம் சொல்லுங்கள். தாமிரம் ஈயத்தைவிட லேசானது. அதே எடைக்குத் தாமிரக் குண்டு நீளமாகிவிடும். ஈயக் குண்டுக்குத் தடை உள்ள இடத்தில் வேட்டையாடுவதானால் அந்தத் தாமிரக் குண்டின் நீளத்தை வைத்தே, குண்டு தள்ளாடாமல் போகுமா என்று காட்டும் ஸ்திரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், 1.5க்குக் குறையக் கூடாது. குளிர்ந்த அடர்த்தியான காற்றில் இந்த எண் இன்னும் இறங்கும். எனவே பனிக்கால வெப்பநிலையைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

குழல் நீளம் 24 முதல் 26 அங்குலம். சத்தம் குறைக்கும் சப்ரசர் மாட்டுவது சட்டப்படி சரி என்றால் 20, 22 அங்குலத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். அங்குலத்துக்கு நொடிக்கு 6 முதல் 9 மீட்டர் வேகம் போகும். புதருக்குள் தூக்கிக்கொண்டு நடக்கும் வசதிக்கு அது நல்ல பேரம். சப்ரசர் கூடாத நாட்டில் பிரேக் போடுவார்கள். பிரேக் உதையைக் குறைக்கும், சத்தத்தைப் பக்கவாட்டில் அடிக்கும். காது மூடாமல் பிரேக் போட்ட மேக்னத்தை ஒரு தடவை சுட்டாலும் காது கெடும். கூட வருகிறவருக்கும் காதுமூடி கொடுங்கள்.

துப்பாக்கி செய்கிறவரிடம் போகும்போது மூன்று போலித் தோட்டாக்களை எடுத்துப் போங்கள்: நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே குண்டு, அதே உறை, மேகசினில் அடங்கும் நீளத்தில் குண்டைப் பொருத்தியது. மருந்து கிடையாது, கேப்பும் கிடையாது. அந்தத் தோட்டாவை வைத்து, குண்டு வரிப்பள்ளத்தைத் தொட அரை மி.மீ. இருக்கும்படி தொண்டையை வெட்டச் சொல்லுங்கள். போலித் தோட்டா இல்லாமல் ‘வழக்கமான அளவில் போடுங்கள்’ என்று விட்டால், மேகசினில் அடங்கும் தோட்டா வரிப்பள்ளத்திலிருந்து இரண்டு மூன்று மி.மீ. தள்ளி நிற்கலாம், அல்லது வரியில் குத்தி, சுடாத தோட்டாவை வெளியே இழுக்கும்போது குண்டு குழலிலேயே தங்கி மருந்து ட்ரிகரில் கொட்டலாம். மலையுச்சியில் இது நடந்தால் அன்றைய வேட்டை முடிந்தது.

ஸ்கோப்பைப் பொருத்தும் தண்டவாளத்தை 20 எம்.ஓ.ஏ. (சிறு கோண அளவு) சாய்வில் வாங்குங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் குறைந்தது 9 செ.மீ. இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படுத்துச் சுடும்போது புருவம் கிழியும். மீட்டரில் யோசிக்கும் நமக்கு மில் என்ற கோண அளவு வசதி: ஒரு கிளிக் 0.1 மில், 100 மீட்டரில் 1 செ.மீ., 400 மீட்டரில் 4 செ.மீ.

தோட்டா வாங்குவதும் சோதிப்பதும்

மூன்று வகைக் கடைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டு 100 மீட்டரில் சுடுங்கள். மூன்று குண்டு ஒரே ஓட்டையில் விழுந்தது என்று படம் எடுத்து அனுப்புவதில் பயனில்லை. மூன்று குண்டு பொய் சொல்லும், பத்துக் குண்டு உண்மை சொல்லும். மூன்று சுட்டதும் போல்ட்டைத் திறந்து வைத்து, குழலின் நடுவில் கை வைக்க முடிகிற சூடு வரும்வரை காத்திருங்கள். சூடேறிய மெல்லிய குழலில் குண்டு மேலே ஏறும், ஆள் ஸ்கோப்பைக் குறை சொல்வார். பத்தும் 3 செ.மீ.க்குள் விழுந்தால் நல்ல தோட்டா. அது 400 மீட்டரில் 12 செ.மீ. ஆகும், டிபன் தட்டில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. மிச்சம்தான் காற்றுக்கும் உங்கள் கைக்கும்.

தேர்ந்தெடுத்த வகையில் ஒரே தயாரிப்பு எண் உள்ள பெட்டிகளாக 200 தோட்டா வாங்கி வையுங்கள். தயாரிப்பு எண் மாறினால் வேகமும் மாறும். வேகத்தைக் குரோனோகிராஃபில் அளந்து, பெட்டியில் போட்டதை விட்டுவிட்டு அளந்த எண்ணைச் செயலியில் போடுங்கள். பிறகு 200, 300, 400 மீட்டரில் காகிதத்தில் சுட்டுச் சரிபாருங்கள். 7 பி.ஆர்.சி.யை 200 மீட்டரில் ஜீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குண்டு குறியிலேயே விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், 400 மீட்டரில் சுமார் அரை மீட்டர் கீழே விழும். செயலி சொல்வதும் காகிதம் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் காகிதத்தை நம்புங்கள்.

கூட வருகிறவரிடம் மேகசினைக் கொடுத்து, உண்மைத் தோட்டாவோடு போலித் தோட்டாவையும் கலந்து போடச் சொல்லுங்கள். போலித் தோட்டாவில் விசை சொடுக்கும்போது குழல் முனை குதித்தால் உதைக்கு முன்னாலேயே உங்கள் தோள் பயப்படுகிறது. அதை .22 ரைஃபிளில் பழகித் தீர்த்துவிட்டு மேக்னத்துக்கு வாருங்கள்.

வெயிலும் மலையும்

வேலூர்க் கத்திரி வெயில் தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். அதே வெயில் ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் நமீபியாவிலும் அடிக்கிறது. மூடிய காரின் முன்கண்ணாடிக்கு அடியில் கிடந்த தோட்டா, கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருக்கும். மருந்து சூடானால் வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். பி.ஆர்.சி. தோட்டாக்களின் உச்ச அழுத்தம் ஏற்கெனவே சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு. அதற்கு மேல் இடமில்லை. சுட்ட பிறகு போல்ட் கைப்பிடி இறுக்கமாகத் தூக்கினால், கேப்பின் ஓரம் தட்டையாகப் பரவியிருந்தால், உறையின் அடியில், காலி உறையை வெளியே தள்ளும் எஜெக்டர் துளையின் அளவுக்கு வட்டமாகப் பளபளப்பு இருந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். தோட்டாவை நிழலில், துணிப்பையில் வையுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் ஈரம் பிடிக்கும்.

மலைச்சரிவில் தூரமானி காட்டும் தூரம் முழுவதும் குண்டு விழாது. வள்ளிமலைப் படி போன்ற செங்குத்துச் சரிவில், 30 டிகிரிக் கோணத்தில், 400 மீட்டர் காட்டினால் 346 மீட்டருக்கான விழுச்சியைத்தான் ஸ்கோப்பில் திருப்ப வேண்டும். மேலே பார்த்துச் சுட்டாலும் கீழே பார்த்துச் சுட்டாலும் கணக்கு ஒன்றுதான். காற்றுக்கு மட்டும் முழு 400 மீட்டரையும் எடுங்கள்.

விமானத்தில்

பன்னாட்டு விமான விதிப்படி ஓர் ஆளுக்குப் பெட்டி எடையோடு 5 கிலோ தோட்டா வரைதான், அதுவும் விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு, செக்-இன் பெட்டியில் மட்டும். மேக்னம் தோட்டா ஒன்று 30 கிராமுக்கு மேல் இருக்கும் என்பதால் 120, 130க்கு மேல் திட்டமிடாதீர்கள்.

இந்தியாவுக்கு வரும்போது ஒன்றுகூட வரக் கூடாது. வேட்டைக்குப் போட்ட ஜாக்கெட், முதுகுப்பை, கேமரா பை, பிள்ளைகள் விளையாட எடுத்துவைத்த காலி உறை என்று எதில் இருந்தாலும் சென்னை விமான நிலைய ஸ்கேனர் காட்டிவிடும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி விசாரணை தொடங்கிவிடும். மறந்துவிட்டேன் என்பது அங்கே எடுபட நாளாகும். வேட்டைப் பையையும் பயணப் பையையும் ஒருபோதும் ஒன்றாக வைத்துக்கொள்ளாதீர்கள். கிளம்பும் முந்தின நாள் ஜாக்கெட்டின் ஒவ்வொரு பாக்கெட்டையும், பையின் உள்தையல் மடிப்பையும் வெளியே இழுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு மூட்டை கட்டுங்கள்.